மாமியின் அறைக்கு ஒயில் ஹீற்றர்: ஒரு மாரி முழுக்கப் பாவித்த பிறகு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ரூம் ஹீற்றரைப் பற்றி எழுதுவது சிலருக்குப் புதினமாக இருக்கும். சித்திரை வைகாசியில் ஃபேன் காற்றே சுடுகிற ஊர் இது. மார்கழி தையிலும் இரவில் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. நுவரெலியாவில் இருப்பவர்கள் கேட்டால் இதெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். ஆனால் வாடைக்காற்று பிடித்து, வெயிலே காணாமல் நாட்கணக்கில் மழை தூறும்போது, எண்பது வயது தாண்டிய மெலிந்த உடம்பு அந்த 22 பாகையிலேயே நடுங்கும். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் கூதலில் விறைத்துச் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

எங்கள் மாமிக்குத் தைரொயிட் சுரப்புக் குறைவு. அந்த வருத்தம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குளிரும். அதோடு இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர். பெரும்பொழுது கட்டில்தான். நடமாட்டம் குறைந்தால் உடம்பில் சூடு பிறப்பதும் குறையும். கம்பளி போர்த்தலாம், கால்மேசு போடலாம், அதெல்லாம் செய்தோம். விடிய உடம்பு துடைத்து உடுப்பு மாற்றுகிற அந்தக் கால் மணித்தியாலத்துக்கு மட்டும் எங்களிடம் வழி இருக்கவில்லை. துடைக்க வேண்டுமென்றால் போர்வையை எடுக்கத்தானே வேண்டும். சுடுதண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்தாலும், துடைத்த இடம் காய்வதற்குள் பல்லுக் கிட்டத் தொடங்கிவிடும். நான் ஹீற்றர் தேடியது இந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான்.

அயலில் ஒரு பெரியம்மா வேறு வழி சொன்னா. முந்திப் பிள்ளை பெற்ற வீடுகளில் வைப்பதுபோல, சிரட்டைக்கரித் தணலை ஒரு சட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னா. அன்பாகத்தான் சொன்னா. அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கால், பீலிப் பக்கத்தால் எல்லாம் காற்று வந்து போகும். இப்போதைய பிளேட் (கொங்கிறீற் கூரை) போட்ட, கண்ணாடி ஜன்னல் பூட்டிய அறைக்குள் தணல் எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுத்திருப்பவர் படுத்தபடியே போய்விடுவார். தயவுசெய்து பூட்டிய அறைக்குள் தணல் சட்டி வைக்காதீர்கள். மின்சார ஹீற்றரில் எதுவும் எரிவதில்லை, அதனால் இந்த வாயுப் பயம் இல்லை. "ஹீற்றர் ஒட்சிசனை உறிஞ்சிவிடும்" என்று சொல்பவர்கள் தணலையும் கம்பிச் சுருளையும் ஒன்றாக்கிக் கதைக்கிறார்கள்.

கடையில் தேடுவதற்கு முன்பே வீட்டில் ஒரு ஹீற்றர் இருந்தது. கனடாவில் இருக்கிற மச்சாள் பெட்டி போட்டபோது அதற்குள் சின்ன ஃபேன் ஹீற்றர் ஒன்றையும் வைத்து அனுப்பியிருந்தா. கையடக்கமான வடிவான சாமான். பின்பக்கத்து ஸ்டிக்கரில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 1500 வாட் என்று இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறேன். 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் அந்தச் சுருளின் தடை 9.6 ஓம். அதையே எங்கள் 230 வோல்ட்டில் செருகினால் ஏறத்தாழ 24 அம்பியர் இழுக்கும், 5500 வாட் வரும். கையளவுப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் 5500 வாட். உள்ளே இருக்கிற பாதுகாப்புப் ஃபியூஸ் உடனே போனால் அதிர்ஷ்டம், போகாவிட்டால் நெருப்பு. பின்னை மாற்றுகிற அடப்டர் வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் 1500 வாட்டுக்கு மேல் தாங்குவதாக வாங்கப் போனால், அந்தக் காசில் புது ஹீற்றரே வாங்கலாம். கனடா, அமெரிக்காவில் இருந்து வருகிற சூடாக்கும் சாமான் எதுவானாலும் முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். லண்டனில் இருந்து வந்தால் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கும் அதே 13 அம்பியர் சதுரப் பின்.

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் ஹீற்றர் என்று கேட்டால் குளியலறைச் சுடுதண்ணீர் ஹீற்றரைத்தான் காட்டுவார்கள். ஒரு கடையில் மட்டும் செங்குழாய் எரிகிற ஹலோஜன் வகை ஒன்று இருந்தது. போட்டுக் காட்டினார்கள். போட்ட உடனேயே முகத்தில் சூடு அடித்தது. பெரிய ஹோலில், உயரமான ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒருவர் கதிரையில் இருந்தால் அதுதான் சரியான சாமான். அது காற்றைச் சூடாக்குவதைவிட முன்னால் இருக்கிற உடம்பைத்தான் கூடுதலாகச் சூடாக்கும், கூரைக்குப் போய் வீணாவது குறைவு. மாமியின் அறைக்கு அது சரிவராது என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஒரு பக்கம் சுட, மற்றப் பக்கம் குளிரும். சிவந்து எரிகிற குழாய்க்கு முன்னால் போர்வையின் நுனி விழுந்தாலே போதும். கண்ணுக்குள் அடிக்கிற வெளிச்சம் வேறு.

கடைசியில் கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒயில் நிரப்பின வகை ஒன்றை வாங்கினோம். இருபதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. ஒன்பது இரும்புத் தட்டுகள் நிரையாக நிற்கும், அதற்குள் ஒயில். கீழே சுருள் அந்த ஒயிலைச் சூடாக்க, ஒயில் தட்டுகளைச் சூடாக்க, தட்டுகள் அறையைச் சூடாக்கும். ஒயிலை மாற்றவோ நிரப்பவோ தேவையில்லை, அடைத்தே வருகிறது. இரண்டு சுவிட்ச்: ஒன்று 800 வாட், மற்றது 1200 வாட், இரண்டையும் போட்டால் 2000. பக்கத்தில் ஒரு திருகி. கீழே சில்லுப் பூட்டி உருட்டலாம், தூக்குவதென்றால் நல்ல பாரம்.

விற்றவர் சொன்ன இரண்டு விஷயங்களை நான் ஏற்கவில்லை. "மற்றதுகளைவிட இது கரண்ட் குறைய இழுக்கும்" என்றார். அது சரியில்லை. ஹலோஜனோ, ஃபேனோ, ஒயிலோ, 1000 வாட் இழுத்தால் 1000 வாட் சூடுதான் வரும், கூடவும் வராது குறையவும் வராது. அந்தச் சூடு எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபேன் வகை அறையைச் சுறுக்கெனச் சூடாக்கும், ஆனால் இரைந்துகொண்டே இருக்கும், நிற்பாட்டினால் சூடும் உடனே போய்விடும். ஒயில் வகை மெதுவாக ஏறும், சத்தம் இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல, நிற்பாட்டின பிறகும் அரை மணித்தியாலத்துக்கு மேல் கணகணப்பைத் தரும். காற்றுக்குப் பனை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

அவர் சொன்ன மற்ற விஷயம் இன்னும் மோசம். சதுரப் பின்னை உருண்டைப் பின்னாக மாற்றுகிற ஒரு அடப்டரைக் கையில் தந்து, "எந்தப் பொயின்ற்றிலயும் போடலாம்" என்றார். எங்கள் வீடு பழைய வீடு. மாமியின் அறையில் இருந்தது 5 அம்பியர் உருண்டைப் பின் பொயின்ற். 2000 வாட் என்றால் 8.7 அம்பியர், 1200 வாட்டே 5.2 அம்பியர். அந்தப் பொயின்ற்றில் இதை ஓடவிட முடியாது. அதனால் ஹீற்றர் பெட்டியைப் பிரிக்காமலே வயரிங் செய்கிற தம்பியைக் கூப்பிட்டேன். அவர் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி வயரை இழுத்துக் காட்டினார். லைற் போடுகிற ஒரு சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில்தான் அந்தப் பொயின்ற்றும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரீச்சர், பிளக் உருகினால் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குள்ள வயர் உருகினால் தெரியாது" என்றார்.

அவர் மெயின் பெட்டியில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரைத் தனியாக இழுத்து, அதற்கென்று ஒரு பிரேக்கர் போட்டு, 13 அம்பியர் பொயின்ற் ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கச் சுவரில் வைத்துத் தந்தார். எர்த்தையும் பார்த்தார். இரும்பு உடம்பு உள்ள ஹீற்றருக்கு எர்த் கட்டாயம், எர்த் இல்லாத இரண்டு பின் அடப்டரில் போட்டால் அந்தப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும். எங்கள் செம்மண் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடுவதால் எர்த் கம்பி இறங்கியிருக்கிற இடத்தையும் ஒருக்கால் பார்ப்பது நல்லது என்றார். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து அதை வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திக் காட்டினார், உடனே விழுந்தது. அந்தப் பொத்தானை மாதத்துக்கு ஒருக்கால் அமத்திப் பாருங்கள், ஹீற்றர் இல்லாத வீட்டுக்காரரும்தான்.

இதற்கெல்லாம் செலவானது ஹீற்றர் விலையில் நல்ல ஒரு பங்கு. என்னைக் கேட்டால் இந்தச் சாமானை வாங்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையும் செலவும் அதுதான். நல்ல பொயின்ற் இல்லாத அறைக்கு எவ்வளவு நல்ல ஹீற்றர் வாங்கினாலும் அது ஆபத்து. எக்ஸ்ரென்ஷன் கோட், மல்ரி பிளக் எதிலும் போடக் கூடாது. பொயின்ற் சரியா என்று பார்க்க ஒரு சுகமான வழி இருக்கிறது. அரை மணித்தியாலம் ஓடவிட்டு, சுவிட்சை நிற்பாட்டிவிட்டுப் பிளக்கின் முதுகில் விரலை வையுங்கள். இளஞ்சூடு என்றால் பயமில்லை. விரலை எடுக்க வைக்கிற சூடு என்றால், உள்ளே எங்கேயோ பிடி தளர்ந்திருக்கிறது, அதைத் திருத்தாமல் மறுபடி போடாதீர்கள்.

சரி, ஹீற்றருக்கு வருகிறேன். முதல் தரம் போடும்போது வண்ணம் எரிகிற மணம் வரும். எல்லாப் புது ஹீற்றரிலும் அப்படித்தான். அதனால் விறாந்தையில் வைத்து, மணம் நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் அறைக்குள் எடுத்தோம். சூடேறும்போது இரும்பு விரிகிற சத்தம், "டப், டப்" என்று இடைக்கிடை கேட்கும். மாமி முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, உதுக்குள்ள என்ன பொரியுது?" என்றா. சூடு ஏறின பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

அறை பத்தடிக்குப் பதினொரு அடி, பிளேட் கூரை, ஒரு ஜன்னல். காலை ஐந்து மணிக்கு 1200 வாட்டில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். தேத்தண்ணி வைத்து, சுடுதண்ணீர் கலந்து, துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறபோது அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். சுவரில் கொழுவியிருக்கிற வெப்பமானியில் 22ல் நின்றது 25, 26க்கு வந்திருக்கும். கேட்பதற்கு மூன்று நான்கு பாகைதான். ஆனால் போர்வையை எடுத்தபோது மாமி தோளைக் குறுக்கவில்லை. கையைத் தானாக நீட்டித் தந்தா. முந்தி அவசரம் அவசரமாகத் துடைத்து முடிக்கிற வேலை, இப்போது முதுகுக்குப் பவுடர் போட்டு, இடுப்புப் பக்கம் படுக்கைப் புண் வருகிறதா என்று ஆறுதலாகப் பார்த்து முடிக்கிற வேலையாகிவிட்டது. வீட்டில் வயதானவர்களைப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

திருகியில் பாகைக் கணக்கு எழுதியிருக்காது, சின்னனில் இருந்து பெரிசுக்கு ஒரு கோடு மட்டும்தான். அதைப் பாவிக்கிற முறை: முழுக்கத் திருப்பிவிட்டு, அறை உங்களுக்குக் காணும் என்ற சூட்டுக்கு வந்ததும், "டிக்" என்று கேட்கும்வரை மெதுவாகத் திரும்பக் குறைக்க வேண்டும். கேட்ட இடத்தில் விட்டால் அந்தச் சூட்டை அது தானாகப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்தால் போடும், சுட்டால் நிற்பாட்டும். நான் அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன், வீட்டில் யார் போட்டாலும் அந்தப் பொட்டுக்கு நேரே திருப்பினால் போதும்.

நான் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. குளிர்நாட்டில் ஹீற்றர் போட்டால் காற்று வறண்டு தோல் வெடிக்கும் என்பார்கள். எங்கள் மாரியில் காற்று முழுக்க ஈரம். தலையணை, மெத்தை எல்லாம் நமுத்துப்போய் ஒரு பூஞ்சண மணம் வருமே, அது மாமியின் அறையில் இந்த முறை இல்லை. அதற்காக ஹீற்றருக்கு மேலே உடுப்பைக் காயப் போடலாம் என்று நினைக்காதீர்கள். மூடினால் உள்ளே சூடு மிஞ்சும், துணியும் கருகும்.

நுளம்பு வலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மாரி என்றால் டெங்குக் காலம், வலை இல்லாமல் படுக்க முடியாது. ஹீற்றர் வலையில் இருந்தும் திரைச்சீலையில் இருந்தும் மூன்றடி தள்ளியே நிற்க வேண்டும். அதனால்தான் பொயின்ற்றைக் கால்மாட்டுப் பக்கம் வைக்கச் சொன்னேன். தட்டுகளில் கையை வைத்து எடுக்கலாம், வைத்துக்கொண்டிருக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற அறைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். நீரிழிவால் கால் விறைப்பு உள்ளவர்கள் பாதத்தை அதற்குக் கிட்ட நீட்டவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். இரவு முழுக்க ஓடவிடுவதும் இல்லை. படுக்கப் போகும் முன் 800ல் போட்டு அறையைக் கணகணப்பாக்கிவிட்டு, நிற்பாட்டி, பிளக்கையும் கழற்றிவிடுவோம். கரண்ட் போனால் சுவிட்சை நிற்பாட்ட மறக்கக் கூடாது. இந்த மொடலில் கரண்ட் திரும்ப வந்ததும் தானாகவே சூடேறத் தொடங்கும்.

பில்லைப் பற்றித்தான் மாமிக்குப் பெரிய கவலை. தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்து வீட்டை நடத்தினவ. "உதை நிப்பாட்டு பிள்ளை, கரண்ட் பில் ஏறப்போகுது" என்று காலையும் மாலையும் சொல்வா. கணக்கு இதுதான். காலையில் 1200 வாட் ஒரு மணித்தியாலம், இரவில் 800 வாட் இரண்டு மணித்தியாலம் என்றால் 2.8 யூனிட். ஒரு மாதம் முழுக்க இப்படியே ஓடினால் 84 யூனிட். திருகி இடையில் நிற்பாட்டுவதாலும், குளிராத நாட்களில் போடாததாலும் எங்களுக்கு அதற்கு நல்லாகக் குறையவே வந்தது. அந்த மாதங்களில் ஃபேன் ஓடாததும் ஒரு பக்கம் கழிந்தது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது ஒரே பாரமில்லை. எங்கள் பில்லில் யூனிட் கூடக் கூட அடுத்த யூனிட்டின் விலையும் கூடும். 60 யூனிட்டுக்குள் இருக்கிற வீடு அதைத் தாண்டினால் கணக்குப் பார்க்கிற அட்டவணையே மாறிவிடும். அதனால் 50, 55 யூனிட்டில் சீவிக்கிற வீட்டுக்காரர், ஹீற்றர் இழுக்கிற யூனிட்டை மட்டும் பழைய விலையால் பெருக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முழுப் பில்லையும் புதிதாகக் கணக்குப் பாருங்கள். அப்படியான வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலும் இரண்டாவது கம்பளியும்தான் முதலில் நான் சொல்வது.

குறை என்று பார்த்தால் மூன்று. ரைமர் இல்லை. ஐந்து மணிக்குத் தானாகப் போடுகிற வசதி இருந்திருந்தால் நல்லது என்று நினைக்கலாம்தான், ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் ஹீற்றர் தானாக ஓடுவதை நான் விரும்பவில்லை, எனக்கு அது பெரிய குறையில்லை. வொரண்டிக்குச் சாமானைக் கொழும்புக்கே கொண்டுபோக வேண்டும், யாழ்ப்பாணத்தில் பார்க்க ஆளில்லை. இது உண்மையான குறை. இந்தப் பாரத்தை பஸ்ஸில் ஏற்றி இறக்குவது சொல்லுகிற மாதிரிச் சுகமில்லை. மூன்றாவது, பெரிய அறைக்கு இது காணாது. ஹோலில் ஒரு முறை போட்டுப் பார்த்தோம். 2000 வாட்டில் ஓடியும், உயரக் கூரையும் மேலே காற்றுவாங்கிகளும் சூட்டைத் தின்றுவிட்டன.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். படுக்கையில் இருப்பவர், பிள்ளை பெற்று வந்தவர், சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர் இருக்கிற வீட்டில், கதவு சாத்தக்கூடிய சின்ன அறை ஒன்றும் நல்ல 13 அம்பியர் பொயின்ற்றும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்கும்போது இரண்டு சுவிட்ச் இருக்கிறதா, சரிந்தால் தானாக நிற்கிறதா, பிளக் வயரோடு சேர்த்து வார்த்ததா என்று மூன்றையும் கடையிலேயே பாருங்கள். சரித்துப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் காட்டுவார். ஐப்பசிக்கு முன்னமே ஓடர் கொடுத்துவிடுங்கள், மழை தொடங்கின பிறகு தேடினால் வயரிங் செய்கிற தம்பிமாரையும் பிடிக்க முடியாது.

மாசி பிறந்ததும் எங்களுடையதைத் துடைத்து, தட்டுகளுக்கு இடையில் இருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, பழைய சீலையால் மூடி அலுமாரிக்குப் பக்கத்தில் நிமிர்த்தியே வைத்துவிட்டோம். படுக்க வைக்கக் கூடாது. சுருள் எப்போதும் ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். பஸ்ஸிலோ லொறியிலோ படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணித்தியாலம் விட்டு, ஒயில் கீழே இறங்கின பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும்.